ரிட்டர்ன் லோடு

"ஒரு நாளைக்கு ஒரு டாலரா?" என்று அப்பா இரண்டாம் முறை கேட்டபோது, விலையை நம்பாமல்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தம்பியின் மடிக்கணினித் திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது ரிட்டர்ன் லோடு, தாயி. வண்டி அங்கே போய்ச் சேர வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். அவ்வளவுதான்" என்றார். மூன்று நாளாக இணையத்தில் படித்து நான் புரிந்துகொண்ட விஷயத்தை அவர் மூன்று நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

அப்பா 34 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு கேரளம், கர்நாடகம், பம்பாய் வரை போனவர். லோடு இறக்கிய ஊரில் திரும்பிவரச் சரக்கு கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடப்பார். "காலி வண்டி ஓட்டுவது நஷ்டத்தைக் கட்டி இழுப்பது" என்று வீட்டில் அடிக்கடி சொல்வார். எங்கள் பள்ளிக் கட்டணம் அந்த ரிட்டர்ன் லோடுகளில்தான் இருந்தது.

நியூசிலாந்தில் தம்பி கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறான். பேரனைப் பார்க்க அப்பாவை அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். திரும்பும் விமானம் ஆக்லாந்திலிருந்து. தென்தீவின் நடுவிலிருந்து வடதீவின் மேல்பகுதிக்குப் போக வேண்டும். வேறொரு விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். தம்பிதான் இந்த வழியைக் காட்டினான். அந்த நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் ஆக்லாந்தில் இறங்குகிறார்கள். அங்கே மோட்டார் வீடு, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்து, தெற்கே ஓட்டிவந்து, கிறைஸ்ட்சர்ச்சிலோ குயின்ஸ்டவுனிலோ விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். கோடை முடியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கே வண்டிகள் குவிந்து கிடக்கும். சம்பளத்துக்கு ஆள் வைத்து அவற்றை வடக்கே அனுப்புவதைவிட, போகிற வழியில் ஊர் பார்க்க விரும்பும் ஒருவரிடம் ஒரு டாலருக்குக் கொடுப்பது நிறுவனத்துக்கு லாபம். ஆஸ்திரேலியாவிலும் இந்த முறை இருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புது வண்டிகளை இப்படியே மேற்கே ஓட்டிப் போகக் கொடுக்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது நான்கு நாள். வண்டிக்கும் எனக்கும் கப்பல் டிக்கெட் அவர்களுடையது, அப்பாவுக்கு மட்டும் நாங்கள் எடுத்தோம். டீசல் எங்கள் செலவு. அந்த நாட்டில் பெட்ரோல் விலையில் சாலை வரி சேர்ந்திருக்கும், டீசலில் சேராது. டீசல் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ அதற்குத் தனியாக வரி. 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 டாலர் என்று எங்களிடம் கணக்கிட்டார்கள். ஒரு டாலர் வாடகையைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். அடுத்தது பிணைத்தொகை. 7,500 டாலரைக் கடன் அட்டையில் நிறுத்திவைக்க வேண்டும், அட்டை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும். தம்பி நீட்டிய அட்டையை வாங்க மறுத்துவிட்டார்கள். என் இந்திய அட்டைக்கு அந்த அளவு வரம்பு இருந்ததாலும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்புமுன் திறந்துவைத்திருந்ததாலும் தப்பித்தேன்.

உரிமத்தில் தொல்லை இல்லை. தமிழ்நாட்டு உரிம அட்டையில் ஆங்கிலம் இருக்கிறது. இருந்தாலும் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தேன். ஓராண்டு செல்லும். அந்தச் சாம்பல் நிறச் சிறு புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தபோது, பக்கத்தில் நின்ற அப்பா அதை எடுத்து என் புகைப்படம் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அவருடைய கனரக உரிமம் காலாவதியாகி ஆறு ஆண்டாகிறது. 71 வயது. ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று என் பெயர் மட்டும்தான். "34 வருஷத்துக்குப் பிறகு கிளீனர் சீட்டு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். குரலில் வருத்தம் தெரியவில்லை.

ஆனால் அப்படி ஏறி உட்காரும் முன் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வண்டியை ஒப்படைத்த இளைஞன் கையில் ஒரு தாளோடு சுற்றி வந்து, இருக்கும் கீறல்களைப் படத்தில் குறித்துக் கையெழுத்துக் கேட்டான். அப்பா அவனை நிறுத்தச் சொன்னார். டயர் நான்கையும் முஷ்டியால் தட்டிச் சத்தம் கேட்டார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். பின் பம்பரின் வலது ஓரத்தில் விரலை வைத்து மெல்ல இழுத்தார். அழுக்கு விலகியதும் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விரிசல். தாளில் அது இல்லை. இளைஞன் மன்னிப்புக் கேட்டுக் குறித்துக்கொண்டான். நான் வண்டியை முழுக்க வீடியோவும் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கூரை, அடிப்பாகம், டயர் ஆகியவற்றுக்குச் சாதாரணக் காப்பீடு பொருந்தாது. கூரை இடித்தால் முழுச் செலவும் ஓட்டியவர் தலையில். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே கண்ணாடியில் வண்டியின் உயரத்தை ஒட்டிவைத்திருந்தார்கள்: 3.2 மீட்டர். "இந்த நம்பரை மனதில் வைத்துக்கொள். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காதவன் லாரி ஓட்ட முடியாது" என்றார் அப்பா.

நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் கை சீக்கிரம் பழகிவிட்டது. மனம் பழகத்தான் நேரம் எடுத்தது. ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். எல்லோரும் உண்மையிலேயே விடுகிறார்கள். ஒரு வழிப் பாலங்களில் இரண்டு அம்புகள் போட்ட பலகை இருக்கும். சிவப்புச் சிறு அம்பு நம் பக்கம் என்றால் நாம் நின்று எதிரே வருகிறவரை விட வேண்டும். எனக்குப் பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்ததும் அப்பா கண்ணாடியில் பார்த்து, "ஒதுங்கு, விடு" என்பார். மெதுவாகப் போகும் வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். கடந்து போகிறவர்கள் ஒரு சின்ன ஹார்ன் தட்டி நன்றி சொல்வார்கள். அதற்கு அப்பா ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தினார்.

முதல் நாள் இரவு கைக்கோராவில் தங்கினோம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 180 கிலோமீட்டர்தான். மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், இடையில் ஒரு கயிறுபோலச் சாலையும் ரயில் பாதையும். 2016 நவம்பர் 14 அன்று நள்ளிரவு தாண்டிய வேளையில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தபோது, மலை இடிந்து இந்தச் சாலையின் மேலேயே விழுந்தது. கடலடித் தரை சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி வெளியே வந்துவிட்டது. சாலை மறுபடி திறக்க 2017 டிசம்பர் ஆனது. அந்த ஓராண்டும் சரக்கு லாரிகள் எல்லாம் உள்நாட்டு மலைப்பாதையில், லூயிஸ் கணவாய் வழியே, சுற்றிப் போயின. மறுநாள் ஒஹாவ் முனையில் நிறுத்தி, பாறைகளில் கடல்நாய்க் குட்டிகள் விளையாடுவதைப் பார்த்தோம். எல்லோரும் குட்டிகளைப் பார்க்க, அப்பா மலைச்சரிவில் கட்டியிருந்த கம்பி வலைகளையும் புதுத் தடுப்புச் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போனபிறகு, வலப்பக்கம் தூரத்தில் ஒரு வெள்ளை மேடு தெரிந்தது. நான் அதைப் பனி என்றோ சுண்ணாம்பு என்றோ நினைத்திருப்பேன். அப்பா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்பாரம்," என்றார்.

கிராஸ்மியர் ஏரி. நியூசிலாந்தில் வெயிலில் உப்பு விளைவிக்கும் ஒரே இடம். எங்கள் பயணத் திட்டத்தில் அது இல்லை. பிற்பகல் கப்பலுக்கு நேரம் எண்ணி வைத்திருந்தோம். நெடுஞ்சாலையை விட்டு விலக எனக்குத் தயக்கமாக இருந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. நானே வண்டியைக் கிளைச்சாலையில் திருப்பினேன்.

பாத்திகள் இளஞ்சிவப்பு நிறத்தில் கிடந்தன. ரோஜா மில்க் ஊற்றிவைத்தது போன்ற நிறம். சுற்றுலாக்காரர்கள் அதைப் படம் எடுக்கத்தான் வருகிறார்கள். உப்பு அடர்த்தி ஏற ஏற, அதைத் தாங்கி வாழும் நுண்பாசியால் வருவது அந்த நிறம். தூத்துக்குடிப் பாத்தியிலும் தண்ணீர் சிவக்கும். சிவந்தால் உப்பு இறங்கப் போகிறது என்று அர்த்தம் என அப்பா சொன்னார். மழை குறைவு, கோடையில் உலர்ந்த வடமேற்குக் காற்று. அதனால்தான் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடல் நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாறி மாறி, கோடைக் கடைசியில் உப்பாக இறுகி, மார்ச் மாதத்தில் வாருகிறார்கள். நாங்கள் போனது மார்ச் கடைசி. பெரிய இயந்திரம் ஒன்று அம்பாரத்தின் மேல் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தது. கண் எட்டிய தூரத்தில் மனிதர்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் ஊரில் விடியுமுன் பலகையோடு பாத்தியில் இறங்கும் பெண்களை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். என் ஆச்சியும் அவர்களில் ஒருத்தி. கால் பிளந்து, கண் கூசி, தலைச்சுமையாக அம்பாரத்துக்கு ஏறியவர்கள். அப்பா வேலி ஓரத்தில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இங்கே ஓலை போட்டு மூடவில்லை, பார்" என்றார். பிறகு, "எங்கள் அம்மா இதைப் பார்த்திருந்தால் யந்திரத்தைக் கும்பிட்டிருப்பாள்" என்றார். வண்டிக்குத் திரும்பும்போது குனிந்து, பாதையோரம் சிந்திக் கிடந்த நான்கு கல்லை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

பிக்டன் துறைமுகத்துக்குக் கடைசி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். கப்பலில் ஏறுமுன் சமையல் எரிவாயுச் சிலிண்டரை மூடியிருக்கிறோமா என்று கேட்கிறார்கள். மூடிய பிறகும் அப்பா இறங்கிப்போய் ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டு வந்தார். பிக்டனிலிருந்து வெலிங்டன் 92 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் மலைகளுக்கு நடுவே குளம்போன்ற நீரில் போகும் கப்பல், குக் நீரிணையில் நுழைந்ததும் புரளத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண் திறந்தபோது அப்பா எதிர் மேசையில் ஒரு லாரி ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பஞ்சாபி. அப்பாவின் இந்தி தாபாக்களில் கற்றது; 'கஹாங் ஸே, கித்னா டன்' அளவில் நிற்கும். அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஓட்டுநர் தன் வேலை நேரப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஐந்தரை மணி நேர வேலைக்குப் பிறகு கட்டாயம் அரை மணி ஓய்வு. ஒரு நாளில் 13 மணி நேரம் வேலை செய்துவிட்டால், தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுக்காமல் வண்டியைத் தொடக் கூடாது. அப்பா அந்தக் கட்டங்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மோட்டார் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றுதான் சொன்னது. அப்பா தூத்துக்குடியில் ஏறினால் பெங்களூரில்தான் இறங்குவார். ஒரு முறை கிருஷ்ணகிரி அருகே கண் அசந்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழித்துக்கொண்டதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். அந்தக் கதையைக் கப்பலில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பஞ்சாபிக்காரருக்குச் சொன்ன பிறகு தமிழில் எனக்கும் சொன்னார்.

வெலிங்டனில் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவின் சேகரிப்பில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. 13 சென்டிமீட்டர் உயரமுள்ள, உடைந்த வெண்கலக் கப்பல் மணி. 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி வடதீவில் அதைக் கண்டபோது, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்களாம். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருக்கிறது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை தெளிவில்லை. துறைமுக ஊரில் பிறந்தவளுக்கு அந்தக் கட்டடத்தையாவது மிதிக்க வேண்டும் என்றிருந்தது. கப்பல் இறங்கியபோது அருங்காட்சியகம் மூடியாகிவிட்டது. மறுநாள் காலை 10 மணிக்குத்தான் திறப்பார்கள். அன்று இரவுக்குள் 370 கிலோமீட்டர் தாண்டித் தௌபோ சேர வேண்டும். ஏழு மீட்டர் வண்டியை அந்தக் கடற்கரைச் சாலையில் நிறுத்த இடமும் இல்லை. இந்த முறையில் விலை மலிவு, நேரம் வண்டியுடையது. கூடுதலாக ஒரு நாள் கேட்டிருந்தால் முழு வாடகை வாங்கியிருப்பார்கள். நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அது உறுத்துகிறது.

மூன்றாம் நாள் காலை ஒரு கழிவுநீர் நிலையத்தில் நின்றோம். மோட்டார் வீட்டில் பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியிலும், கழிப்பறைக் கழிவு ஒரு பெட்டியிலும் சேரும். இரண்டையும் இதற்கென்று உள்ள இடங்களில் மட்டும்தான் கொட்ட வேண்டும். பெரும்பாலும் இந்த ஏற்பாடு முறையாக இருப்பதாகச் சான்று பெற்ற வண்டிகள்தான் முகாம்களுக்கு வெளியே, அனுமதித்த பொது இடங்களில், இரவு தங்கலாம். பெட்டியை இழுத்து எடுத்து, கொட்டி, கழுவி, மறுபடி செருக ஐந்து நிமிடம். வரிசையில் எங்களுக்கு முன் நல்ல காற்சட்டை அணிந்த ஒரு முதியவர் தன் பெட்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்ததை அப்பா வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை. அவரவர் கழிவை அவரவர் சுமப்பதில் எந்தக் கூச்சமும் இல்லாத அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊரில் இதற்காக மனிதர்கள் இன்னும் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள்.

வையூரு என்ற ராணுவ ஊரைத் தாண்டியதும் பாலைச் சாலை தொடங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் நெடுஞ்சாலை. மரமே கிடையாது, மஞ்சள் புல் மட்டும். இடப்பக்கம் 2,797 மீட்டர் உயர ருவாபெஹு எரிமலை, தலையில் வெள்ளையோடு. காற்று பக்கவாட்டில் அறைந்தது. எங்கள் வண்டி உயரமானது, உள்ளே கனம் இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாண் நகர்ந்தது. எதிரே பால் டேங்கர் கடக்கும்போது அப்பா, "இப்போது இழுக்கும். ஸ்டீயரிங்கை இறுக்காதே, பிடித்துக்கொள்" என்றார். சொன்னபடியே இழுத்தது. "காலி வண்டிதான் காற்றுக்கு ஆடும். லோடு இருந்தால் நிற்கும்." வேகத்தை 70-க்குக் குறைத்தேன். இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்காமல் கியரில் இறக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. சிறுவயதில் அவரோடு லாரியில் நான் போனதே இல்லை. பெண்பிள்ளையை அந்தச் சாலைகளில் கூட்டிப் போக முடியாது என்பார். தம்பி இரண்டு முறை போயிருக்கிறான். அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அந்த நாற்பது நிமிடம்தான்.

தௌபோ பெட்ரோல் நிலையத்தில் டயரைத் தட்டியவர், பின் இடதில் காற்று குறைவு என்றார். அளவு பார்த்து நிரப்பினேன். ஏரிக்கரையில் இரவு ரசம் வைத்து அப்பளம் பொரித்தோம்.

கடைசி நாள், ஆக்லாந்துக்கு முன் 'பாம்பே' என்று ஒரு பலகை வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகளைக் கொண்டுவந்த கப்பலின் பெயராம் அது. "தூத்துக்குடியிலிருந்து எத்தனை நடை!" என்று மட்டும் சொன்னார்.

வண்டியை ஒப்படைக்கும் யார்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் டீசல் நிரப்ப நின்றோம். அப்பா இறங்கி, நேராகப் பின் இடது டயருக்குப் போனார். தட்டினார். மறுபடி குறைந்திருந்தது. "ஏதோ ஏறியிருக்கிறது. மெதுவாகக் கசிகிறது."

எனக்கு அந்த ஒப்பந்த வரி உடனே ஞாபகம் வந்தது: டயர் நம் பொறுப்பு. காற்றை நிரப்பிக் கொடுத்துவிட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. நாளை மாலைவரை நிற்கும். அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்து ஏறுகிறவனுக்குச் சொல்லாமல் வண்டியை விட்டுப் போகக் கூடாது, தாயி."

யார்டில் வண்டியைச் சுற்றிவந்த பெண்ணிடம் நானே முதலில் சொன்னேன். அவர் கைவிளக்கோடு முட்டிபோட்டு, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, டயர்ப் பள்ளத்தில் தலை தேய்ந்த ஒரு திருகாணியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டார். பம்பர் விரிசல் தாளில் இருந்தது. பஞ்சருக்கு 40 டாலர். அப்பா தம்பி கொடுத்திருந்த நோட்டுகளை நீட்டினார்; அட்டையில்தான் எடுப்பார்களாம்.

"இந்த வண்டி அடுத்து எங்கே போகிறது என்று கேள்."

கேட்டேன். நாளை மாலை ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள், தெற்கே.

"பஞ்சர் போட்ட பிறகுதானே?"

ஆமாம் என்றார் அந்தப் பெண். அப்பா தலையசைத்துவிட்டுப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.